விதையின்றி வாழும் மல்லிகை

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நாள்தோறும் விடியற்காலையில் மல்லிகை அரும்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. நிலக்கோட்டை, உசிலம்பட்டி முதலிய ஊர்ப்புறங்களில் கதிரவன் எழுமுன் கொய்யப்பட்ட அரும்புகள் அவை. மாலையில் அவை வாய் திறந்து மணம் பரப்பும். மறுநாட் காலையில் நிறம் மாறி உதிரும். இத்துணை மலர்களைத் தொடுத்தும் சூடியும் இறைவனுக்குச் சாத்தியும் வருவோருள் மல்லிகை விதையைக் கண்டவர் எத்தனை பேர்? கத்தரி விதையையும் அவரை விதையையும் சிற்றூர்ச் சிறுவர் அறிவர். மல்லிகை விதை எங்கே விற்கப்படுகிறது என்று வினவினால், பூந்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த உழவரும் நகைப்பர்.

காரணம் மலரின் அமைப்பிலேயே உள்ளது. ஒற்றை அடுக்கு இதழ் கொண்ட காட்டு மலரில் மகரந்தத்தாளும் சூலகமும் தத்தம் பணியைச் செய்கின்றன. இதழ்கள் அடுக்கடுக்காக அமைந்த மலரிலோ மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறிவிடுகின்றன. மகரந்தம் குன்றுகிறது, சூல் கருவுறுவதில்லை, கனியும் விதையும் உண்டாவதில்லை. குண்டுமல்லி, அடுக்குமல்லி, இராமபாணம் முதலிய வகைகள் பெரும்பாலும் விதை பிடியாதவையே. எந்த அடுக்கழகிற்காக மாந்தர் அவற்றைத் தேர்ந்தெடுத்துப் போற்றினரோ, அந்த அழகே அவற்றை மலடாக்கிற்று. ஒற்றை இதழ் வகைகளில் எப்போதேனும் கருநிறச் சிறுகனி ஒன்று தோன்றுவதுண்டு. அதன் விதை முளைத்தாலும், அந்நாற்று தாய்ச்செடியின் பருமனையும் மணத்தையும் அப்படியே பெற்றிருக்கும் என்று உறுதி கூற இயலாது.

விதை பிடியாத செடி தானே பரவுவது எங்ஙனம்? தரையிற் படிந்த கிளையொன்று வேரூன்றினால் அது சில அடி தொலைவு நகரும். அதற்கப்பால் அதனைக் கொண்டுசெல்லக் காற்றும் இல்லை; பறவையும் இல்லை. இன்று தமிழ்நாட்டில் நிற்கும் குண்டுமல்லிச் செடி ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் ஒரு கிளையை வெட்டியோ வளைத்தோ மண்ணில் ஊன்றியதால் நிற்கின்றது. அக்கிளையை ஈந்த செடியை அவருக்கு முன் வேறொருவர் ஊன்றினார். அவருக்கு முன் மற்றொருவர். பெயர் தெரியாத அக்கைகளின் தொடர் ஒரு தலைமுறைக் காலம் அறுபட்டால், அம்மலர் வகை உலகினின்று மறைந்தொழியும்.

வெட்டிய தண்டிலிருந்து செடி வளர்க்கும் கலை தமிழ் உழவர்க்குப் புதிதன்று. அதற்கென வழங்கும் சொற்களே அதன் பழைமைக்குச் சான்று. கரும்பை நடுவோர் கரணை வெட்டுவர். மரவள்ளி நடுவோர் குச்சி தறிப்பர். முருங்கை, பூவரசு, கிளுவை ஆகியவற்றைப் போத்து வெட்டி வேலியோரம் ஊன்றுவர். சர்க்கரைவள்ளிக்கும் வெற்றிலைக்கும் கொடியையே நடுவர். கிளையைத் தாயினின்று பிரிக்காமலே வளைத்து மண்ணுள் புதைத்து வேரூன்றச் செய்வது பதியன் எனப்படும். இவை யாவும் ஒரு கலையின் கிளைகள் எனினும், ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பக்குவம் உண்டு. முருங்கைப் போத்தினை வேலியில் நட்டுவிட்டு மறந்தாலும் அது தழைக்கும். மல்லிகைக் குச்சி அத்துணை எளிதில் வயப்படுவதன்று.

எனினும் அம்மெல்லிய குச்சி வாயிலாகவே மல்லிகை உலகை வலம் வந்துள்ளது. இந்தியாவிலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் தோன்றிய இச்செடி, கடல் வணிகத்தோடும் யாத்திரிகர் கூட்டத்தோடும் பல திசைகளுக்குச் சென்றது. மல்லிகா என்னும் வடமொழிப் பெயரே சீன மொழியில் மோலி என வழங்குகின்றது. சீனத்தின் பூஜோ நகரத்தார் தேயிலைக்கு மணமூட்ட இம்மலரைப் பயிரிட்டனர். பிலிப்பைன்சு நாட்டினர் இதனைச் சம்பகீதா என அழைத்து, 1934ஆம் ஆண்டில் தேசிய மலராக ஏற்றனர். ஹவாய்த் தீவில் இதன் பெயர் பீகாகே. அம்மொழியில் அச்சொல்லுக்கு மயில் என்பது பொருள். மயிலையும் மல்லிகையையும் ஒருங்கே விரும்பிய கயுலானி என்னும் இளவரசியின் நினைவாக அப்பெயர் அமைந்தது என்பர்.

ஐரோப்பாவின் குளிர் இச்செடிக்கு ஒவ்வாது. ஆகவே அங்கு இது தொட்டியிலும் கண்ணாடி அறையிலும் வளர்க்கப்படும் வீட்டுச் செடியாயிற்று. இத்தாலி நாட்டின் தசுக்கனிப் பகுதியை 1670 முதல் 1723 வரை ஆண்ட மூன்றாம் கோசிமோ என்னும் பெருங்கோமகன் அடுக்குமல்லியின்மேல் பெரும்பற்றுக் கொண்டிருந்தான். பிளாரன்சு நகரையடுத்த காசுடெல்லோ மாளிகைத் தோட்டத்தில் அதற்கெனத் தனியறை ஒன்று இருந்தது. இம்மலரைப் பற்றி அந்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. அச்செடியின் ஒரு கிளையும் வெளியே செல்லலாகாது என்று கோமகன் கட்டளையிட்டானாம். அத்தோட்டக்காரன் ஒருவன் தன் காதலியின் பிறந்தநாளன்று பூச்செண்டு ஒன்றினுள் ஒரு மல்லிகைக் கிளையையும் வைத்து அளித்தானாம். அவள் அதனை வாடவிடாது மண்ணில் ஊன்றினாள், கிளை வேர்விட்டது, பெருகிய செடிகளை விற்ற பொருளால் அவ்விருவரும் மணம் செய்துகொண்டனராம். கதை நடந்ததோ, புனைந்ததோ, அதில் அடங்கிய செய்தி உண்மையே. அரசனின் காவலைக் கடக்க மல்லிகைக்கு வேண்டியது ஒரு சாண் தண்டுதான். அவ்வகை இன்றும் தசுக்கனிக் கோமகன் என்னும் பெயராலேயே மேலை நாடுகளில் விற்கப்படுகின்றது.

வேரற்ற தண்டு வேரை எங்கிருந்து பெறுகிறது? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர் நெடுங்காலம் முயன்றனர். செர்மனி நாட்டுத் தாவரவியலறிஞர் எர்மன் வோக்டிங் 1878ஆம் ஆண்டில் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். அவர் அலரி போன்ற இலையமைப்புடைய வில்லோ மரக் குச்சிகளை வெட்டி, ஈரக் காற்றுள்ள இடத்தில் தொங்கவிட்டார். சிலவற்றை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். நேராகத் தொங்கிய குச்சிகளின் அடியில் வேரும் நுனியில் தளிரும் தோன்றின. தலைகீழாகத் தொங்கியவற்றிலோ, மரத்தில் இருந்தபோது அடியாக இருந்த முனை எதுவோ, அம்முனையிலேயே வேர் மிகுதியாகத் தோன்றிற்று. அது வானத்தை நோக்கியிருந்தும் அவ்வாறே நிகழ்ந்தது. குச்சியை எத்தனை துண்டாக நறுக்கினும் ஒவ்வொரு துண்டும் தன் அடி எது, நுனி எது என்பதை மறப்பதில்லை.

இதற்கு அடிப்படையான பொருள் பிற்காலத்தில் விளங்கியது. ஆலந்து நாட்டு இளைஞர் பிரிட்சு வென்ட் என்பார் ஓட்சுப் பயிரின் இளநுனிகளை ஆராய்ந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருளொன்று அந்நுனியில் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது என்பதை 1928இல் மெய்ப்பித்தார். வளர்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு ஆக்சின் என்று பெயர் அமைந்தது. இளந்தளிரிலும் மொட்டிலும் பிறக்கும் ஆக்சின் தண்டின் வழியே கீழிறங்குகிறது. செடி முழுமையாக இருக்கும்போது அது வேர்வரை செல்லும். தண்டை வெட்டிவிட்டாலோ, அதன் வழி அடைபட்டு, வெட்டுவாயின் அருகில் அது தேங்குகிறது. அவ்வாறு தேங்கிய ஆக்சின் அங்குள்ள உயிரணுக்களைத் தூண்டுகிறது. சாற்றுக் குழாய்களை அடுத்துள்ள சில உயிரணுக்கள் தம் பழைய தொழிலை விட்டுப் பிளந்து பெருகி, வேர்முனையாக உருவெடுத்துப் பட்டையைக் கிழித்து வெளிவருகின்றன. விதையின் முளைவேரினின்று தோன்றாமல் வேறோர் இடத்தில் தோன்றுவதால் இவற்றை வேற்றிட வேர்கள் என்பர்.

வெட்டுவாயில் சில நாட்களில் வெளிறிய தடிப்பொன்று காணப்படும். அதுவே வேராக மாறும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அது புண்ணை மூடும் பொருக்கு. பெரும்பாலான செடிகளில் வேர் அதனுள்ளிருந்து பிறப்பதில்லை, தண்டின் உட்புறத்தினின்றே புறப்படுகிறது. தடிப்பு நன்கு திரண்டும் வேர்விடாத குச்சிகள் உண்டு. தடிப்பு சிறிதும் இல்லாமலே வேர்விடுபவையும் உண்டு.

வேர் வரும்வரை அக்குச்சியின் நிலை இரங்கத்தக்கது. அதன் இலைகள் நுண்துளைகளின் வழியே ஓயாது நீரை ஆவியாக விடுகின்றன. அந்நீரை ஈடுசெய்ய வேர் இல்லை. வெட்டுவாய் சிறிதளவு நீரையே உறிஞ்சும். அப்படியாயின் இலைகளையெல்லாம் கிள்ளியெறிந்துவிடலாம் எனில், அதுவும் ஆகாது. இலைதான் உணவைச் சமைக்கிறது; வேரை உருவாக்கத் தேவையான சர்க்கரையும் ஆக்சினும் இலையையும் தளிரையும் நம்பியே உள்ளன. இலை மிகுந்தால் குச்சி வறண்டு மடியும். இலை அற்றால் பட்டினியால் மடியும். நான்கு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கும் இந்நெருக்கடியில், வறட்சி முந்துமோ வேர் முந்துமோ என்பதே வினா. தோட்டக்காரனின் திறமை முழுவதும் அவ்விரண்டிற்கும் இடையில் நின்று குச்சிக்குக் காலம் தேடிக் கொடுப்பதில் அடங்கியிருக்கிறது. முல்லைக்கொடிக்குப் பாரி தேர் ஈந்தான். மல்லிகைக் குச்சி தேரை வேண்டுவதில்லை. நிழலும் ஈரக்காற்றும் கிடைத்தால் அதற்குப் போதும்.

ஈரக்காற்றின் ஆற்றலை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இலண்டனில் நடந்தது. நத்தானியேல் பாக்சா வார்டு என்பவர் அந்நகரில் வாழ்ந்த மருத்துவர். அவர் 1829ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். சில நாட்களில் அம்மண்ணில் ஒரு சிறு பெரணியும் புல்லும் முளைத்தன. ஆலைப்புகை நிறைந்த அந்நகரில் அவர் முன்னர் அரும்பாடுபட்டும் வளராத பெரணி, மூடிய புட்டியினுள் தானே தழைத்தது. பகலில் மண்ணினின்று எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து நீராகி மீண்டும் மண்ணிலேயே இறங்கியதை அவர் கண்டார். அம்முறையில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து, 1833இல் செடிகளைக் கப்பலேற்றி ஆத்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பினார். அவை உயிரோடு சென்று சேர்ந்தன. அதன்பின் தேயிலையும் சின்கோனாவும் பிற பயிர்களும் இத்தகைய பெட்டிகளில் கடல் கடந்தன. இன்று மாணவன் ஒருவன் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் குச்சி ஊன்றிய தொட்டியின்மேல் அடிப்புறம் அறுத்த நெகிழிப் புட்டியைக் கவிழ்த்து வைப்பானாயின், அவன் செய்வதும் வார்டு செய்ததேயாம்.

குச்சியை எந்தச் செடியினின்று வெட்டுவது என்பதே முதல் தேர்வு. மல்லிகையில் நன்கு பூத்து, இலை பச்சைப்பசேரென்று விளங்கும் செடியே தாயாகத் தகுதியுடையது. அதிலும் பச்சை மாறாத இளந்தளிர் எளிதில் அழுகிவிடும். பழுப்பேறி முற்றிய தண்டு வேர்விடச் சுணங்கும். பாதி முற்றிய தண்டே ஏற்றது. அதனை வளைத்தால் வில்லாக வளையும். மிக வளைத்தால் ஒடியும். அவ்வருடத்துக் கிளையில் நுனித்தளிருக்குக் கீழே அத்தகைய பகுதி கிடைக்கும். பூவும் மொட்டும் உள்ள கிளையைத் தவிர்ப்பது நலம். தவிர்க்க இயலாவிடின் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். வேருக்கு உரிய உணவை மொட்டு உண்டுவிடும்.

வெட்டும் நேரம் காலைப்பொழுது. இரவு முழுவதும் நீர் ஏறிய தண்டு அப்போது விறைப்பாக இருக்கும். நண்பகலில் வெட்டிய குச்சி பாதி வாடிய நிலையிலேயே தன் போராட்டத்தைத் தொடங்கும். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். நசுங்கிய வெட்டுவாய் அழுகலுக்கு வாயிலாகும். ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில், மூன்று அல்லது நான்கு கணுக்கள் அமையுமாறு தண்டை நறுக்குவர். கீழ்வெட்டு ஒரு கணுவிற்குச் சற்றே கீழாகச் சாய்வாக அமையும்; கணுவை ஒட்டிய பகுதியில் வேர் எளிதில் தோன்றும். மேல்வெட்டு நேராக அமையும். இவ்வேறுபாட்டிற்கு மற்றொரு பயனும் உண்டு. நூற்றுக்கணக்கான குச்சிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கும்போது, அடி எது நுனி எது என்பது ஒரே பார்வையில் விளங்கும். தலைகீழாக ஊன்றிய குச்சி எத்தகைய இடர்ப்பாட்டிற்கு ஆளாகும் என்பதை வோக்டிங்கின் ஆய்வை அறிந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

கீழ்க்கணுக்களின் இலைகளை அகற்றி, மேற்கணுவில் ஓரிணை இலையை மட்டும் விடுவர். அவையும் பெரியவாயின் பாதியாக நறுக்குவர். இலையை நறுக்குவது கொடுமைபோலத் தோன்றினும், உணவும் குறையாமல் நீர்ச்செலவும் மிகாமல் நடுநிலை காக்கும் வழி அதுவே.

நாட்டுப்புறத்தார் குச்சியை அப்படியே ஊன்றுவர். பெருமளவில் நாற்று வளர்ப்போர் வேரூக்கி மருந்தில் தோய்த்து ஊன்றுவர். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாய்சு தாம்சன் ஆராய்ச்சி நிலையத்தில் சிம்மர்மன், வில்காக்சன் என்னும் இருவர், செயற்கையாகச் செய்யப்பட்ட இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேரைத் தூண்டும் திறனுடையது எனக் கண்டனர். அதுவே இன்றளவும் நாற்றங்கால்களில் மிகுதியாகப் பயன்படுவது. தூளாகவும் கரைசலாகவும் கடைகளில் கிடைக்கும். மல்லிகைக்குப் பத்து இலட்சம் பங்கு நீர்மத்தில் 1000 பங்கு அமிலம் கலந்த கரைசலில் குச்சியின் அடியைச் சில நொடிகள் தோய்த்தெடுப்பது வழக்கம். மிகுதி நன்று என்று கருதி அளவைக் கூட்டினால் வெட்டுவாய் கருகிவிடும்.

ஊன்றும் மண் வளமாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. எருவிட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் மிகுதி. வேரற்ற குச்சியால் அவ்வெருவை உண்ணவும் இயலாது, அவ்வுயிர்களை எதிர்க்கவும் இயலாது. கழுவிய ஆற்றுமணலே பழைய நாற்றங்கால்களில் பயன்பட்டது. நீர் தங்காமல் வடியும். மணற்றுகள்களின் இடையே காற்று உலவும். பிறக்கும் வேருக்கும் மூச்சு வேண்டுமன்றோ! ஆற்றுமணல் அருகிவிட்ட இந்நாளில் மக்கிய தென்னைநார்க் கழிவை மணலோடு கலந்து பயன்படுத்துகின்றனர். கடல்மணலை உப்பு நீங்கக் கழுவாமல் பயன்படுத்துதல் ஆகாது. குச்சியை மணலில் அழுத்திச் செருகினால் பட்டை உரியும். ஆதலின் சிறுகோல் ஒன்றால் முதலில் குழி செய்து, கீழ்க்கணுக்கள் இரண்டும் மண்ணுள் மறையுமாறு இறக்கி, சுற்றிலும் விரலால் இறுக்க வேண்டும். காற்று இடைவெளி இருப்பின் வெட்டுவாய்க்கு ஈரம் எட்டாது.

சிலர் குச்சியை நீர்நிறைந்த புட்டியில் இட்டு வேர்விடச் செய்கின்றனர். கண்ணெதிரே வேர் வளர்வதைக் காணலாம் என்னும் இன்பம் அதில் உண்டு. ஆயினும் நீரில் பிறந்த வேர் எளிதில் முறியும் இயல்பினது. மண்ணிற்கு மாற்றியதும் செடி பன்னாள் தயங்கி நிற்கும்.

ஊன்றியபின் நேர்வெயில் படாத ஒளியில் தொட்டியை வைத்து, மேலே கண்ணாடியோ நெகிழியோ கொண்டு மூடி, நாளுக்கொருமுறை சிறிது திறந்து காற்றோட்டம் தர வேண்டும். மணல் ஈரமாக இருக்கவேண்டும், சேறாக இருத்தலாகாது. இக்கலையில் தொடக்கநிலையாளர் இழக்கும் குச்சிகளுள் பெரும்பாலானவை நீரின்மையால் மாள்பவை அல்ல. அன்பு மிகுந்து வார்த்த நீரால் அழுகுபவையே. மற்றொரு பகை ஆவல். வேர் வந்ததோ என்று அறியும் ஆவலில் குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பவர், நூல் போன்ற இளவேரைத் தம் கையாலேயே அறுக்கின்றனர். தளிர் விட்டதைக் கண்டு ஏமாறுவதும் உண்டு. தண்டில் சேமித்த உணவைக் கொண்டே இரண்டொரு தளிர் வெளிவரலாம். அப்போது அடியில் வேர் இல்லாமலே இருக்கலாம். அத்தளிர் மகிழ்ச்சியூட்டிச் சில நாட்களில் துவண்டு விழும். நான்கு வாரம் கடந்தபின், தளிர் வாடாமல் தொடர்ந்து வளர்ந்து, குச்சியை மெல்லத் தொட்டால் அசையாமல் மண்ணைப் பற்றி நின்றால், அதுவே வேரின் அடையாளம்.

பெருந்தோட்டங்களுக்கு வேண்டிய மல்லிகை நாற்றுகளை வளர்ப்பதில் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் புகழ்பெற்றது. தீவின் மணற்பாங்கான நிலம் நீரைத் தேக்குவதில்லை. கடற்காற்று ஈரம் குறைவதில்லை. குச்சி வேண்டும் இரண்டும் அங்கே இயற்கையாகவே அமைந்துள்ளன. அங்கு வேர்பிடித்த இராமநாதபுரம் குண்டுமல்லி நாற்றுகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றன. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அம்மலரின் தோட்டங்களுக்கும் தீவின் மணலில் வேர்பிடித்த நாற்றுகள் செல்வதுண்டு என்பதைப் பூவைச் சூடுவோர் பலர் அறியார்.

ஒரு தாயினின்று வெட்டிய ஆயிரம் குச்சிகளும் தாயைப்போலவே பூக்கும். மணம், பருமன், பூக்கும் காலம் ஆகியவற்றில் சிறிதும் வேறுபாடு இராது. உழவர்க்கு இது பெருநன்மை. ஆயினும் நோயையும் அவை ஒன்றுபோலவே எதிர்கொள்ளும். தாயிடம் உள்ள குறை ஆயிரம் வயல்களுக்கும் உடன் செல்லும். வாழை இதற்குச் சிறந்த சான்று. மேலை நாடுகளில் விற்பனைக்காகப் பயிரிடப்பட்ட குரோமிசெல் என்னும் வாழை, கன்றுகளால் மட்டுமே பெருக்கப்பட்டமையால் எங்கும் ஒரே இயல்பினதாக இருந்தது. பனாமா வாடல் நோய் பரவியபோது அதற்குத் தாங்கும் ஆற்றலுடைய மரம் ஒன்றேனும் அத்தோட்டங்களில் இல்லை. 1960களில் வணிகர் அவ்வகையைக் கைவிட்டு, கேவண்டிசு என்னும் வேறு வகைக்கு மாற நேர்ந்தது.

ஆதலின் குச்சி எடுப்போர் தாய்ச்செடியைப் பலமுறை சோதித்தல் வேண்டும். இலையில் மஞ்சள் திட்டுகளும் சுருக்கமும் காணப்படும் செடி நச்சுயிர் நோயால் பீடிக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய நோய் மருந்தினால் தீர்வதில்லை. குச்சியின் சாற்றோடு சேர்ந்து புதுச்செடிக்கும் செல்லும். வேரை முடிச்சு முடிச்சாக்கும் நூற்புழுக்கள் நாற்றின் வேர்மண்ணோடு புறப்பட்டு, அதுவரை தூய்மையாக இருந்த நிலத்தையும் கெடுக்கும். விலை குறைவு என்பதற்காக அறியாத இடத்து நாற்றை வாங்கி நட்டு, இரண்டாண்டு கழித்துத் தோட்டத்தையே அழிக்க நேர்வோர் உண்டு. ஒற்றை மலர் வகையை மட்டும் நம்பாமல், இருவாட்சி, ஊசிமல்லி, கஸ்தூரிமல்லி போன்ற பழைய வகைகளையும் வேலியோரத்திலேனும் வளர்த்து வருவது, நாட்டிற்குச் செய்யும் தொண்டாகும். அவ்வகைகள் சந்தையில் விலைபோகாமையால் குச்சி வெட்டுவாரின்றி அருகி வருகின்றன. விதைக் களஞ்சியத்தில் இட்டு அவற்றைக் காக்கவும் இயலாது. உயிருள்ள செடியாக ஏதேனும் ஓர் இல்லத்தில் அவை நின்றாக வேண்டும்.

வேர்பிடித்த குச்சியை உடனே வெயிலில் வைத்தல் தவறு. மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, பத்துப் பதினைந்து நாட்கள் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். ஈரக்காற்றில் வளர்ந்த இலைகளின் துளைகள் வறண்ட காற்றில் விரைந்து மூடப் பழகியிரா. அதன்பின் செம்மண், மணல், மக்கிய எரு ஆகியன கலந்த தொட்டிக்கு மாற்றலாம்; வயலில் நடுவதாயின் மழைக்காலமாகிய சூன் முதல் நவம்பர் வரை ஏற்ற பருவம். புதுச்செடியில் முதலில் தோன்றும் மொட்டுகளைக் கிள்ளிவிடுவர். அதனைச் செய்ய மனம் வராதவரே மிகுதி. கிள்ளியவரின் செடி பக்கக் கிளைகளை விட்டுப் புதராகத் திரளும்.

வளர்ந்த குண்டுமல்லித் தோட்டங்களில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் இறுதி வாரத்தில் கவாத்து நடைபெறும். செடிகளைத் தரையினின்று 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, நீரைக் குறைத்து ஓய்வு தருவர். மார்ச்சுத் திங்களில் புதுத்தளிர்களில் அரும்பு கட்டத் தொடங்கும். கவாத்தில் விழும் கிளைகளுள் முற்றியவை அடுப்பெரிக்கச் செல்லும். நோயற்ற செடியின் பாதி முற்றிய கிளைகளைப் பெண்கள் தனியே பொறுக்கி, வெயில் ஏறுமுன் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைப்பர்.